முதலாளி வீட்டுக் கல்

சாயப்பட்டறை முதலாளி சென்னியப்பன், கழிவுநீரைச் சுத்திகரித்து ஹாலோ பிளாக் கல் செய்வதாக மேடைதோறும் பேசுவார். ஆனால் சுத்திகரிக்கும் எந்திரத்தை அவர் ஓட்டுவதே இல்லை. சாயத் தண்ணீர் அப்படியே கலவையில் விழுந்தது.

அந்தக் கல்லில் கட்டிய பள்ளிக்கூடச் சுவர், திறப்பு விழாவுக்கு முன்பே உப்புப் பூத்து உதிர்ந்தது. விசாரிக்கப் பொறியாளர் வந்தார். முதலாளி, கல்லை நனைக்கும் பூவாத்தாளைக் கைகாட்டினார்.

"தண்ணி பன்னீராட்டம் இருக்குதுங்க. இவதான் கல்லை ஒழுங்கா நனைக்கல. இன்னியோட இவளுக்கு வேலை இல்ல."

பூவாத்தாள் பணிவாகவே சொன்னாள்: "சரிங்க முதலாளி. நேத்து போர் மோட்டார் ஓடலீங்க. உங்க பங்களாவுக்கான கல்லையும் இந்தப் பன்னீர்லயே செஞ்சு அனுப்பிட்டோமுங்க."

"அறிவு கெட்டவளே! என் வீட்டுக் கல்லுக்குப் போர் தண்ணிதான் ஊத்தோணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? சுவரு எழும்பியிருந்தா இடிக்கச் சொல்லு!"

பொறியாளர் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார்.

"பதறாதீங்க, மோட்டார் நல்லாத்தான் ஓடுச்சு. உங்க கல்லு போர் தண்ணிக் கல்லுதானுங்க," என்றாள் பூவாத்தாள். "இடிக்க வேண்டியது பள்ளிக்கூடத்துச் சுவத்தைத்தான். இடிச்சுப்போட்டு, உங்க பங்களாக் கல்லைக் கொண்டுவந்து கட்டிக் குடுங்க. எங்க புள்ளைங்க அதுக்குள்ளதான் உக்காரோணும்."