கிழியாத கால்சட்டை

ஒரு காட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. ஒரு பெரிய கண்மாய்தான் இருந்தது. பயந்து பயந்து பிழைப்பதற்கு அந்தக் காட்டு விலங்குகளுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. கோடையில் தண்ணீர் கொடுக்கிற அதே கண்மாய், மழைக்காலத்தில் கரையை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

அதனால் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் வந்து கரையைச் செப்பனிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். காட்டுப்பன்றி மண் வெட்டும். குரங்கு கூடை சுமக்கும். கல் பாவுகிற வேலை கரடி சோணமுத்துவுடையது. கரையின் சரிவில் குந்தி உட்கார்ந்து, கல்லோடு கல்லை நெருக்கி வைத்து, இடையில் களிமண்ணை அப்பி அடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

கரடிக்கு எதற்குக் கால்சட்டை என்று கேட்பீர்கள். கருங்கல் சரிவில் ஒரு நாள் முழுக்க முட்டி தேய வேலை செய்து பாருங்கள், பிள்ளைகளே, அப்புறம் கேட்கமாட்டீர்கள்.

சோணமுத்துவின் கெட்ட நேரம், வேலை தொடங்கிய அன்றைக்கே அது நடந்தது. மச்சான் கல்யாணத்துக்குத் தைத்த பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒரு பெரிய கல்லை மடியில் அணைத்துக்கொண்டு குந்தினான். ‘டர்ர்’ என்று பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிரிந்துபோனது.

குரங்கு கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. “அண்ணே, உங்க வீட்டுப் பின்கதவு திறந்து கிடக்கு!”

கரையே சிரித்தது. சோணமுத்து இரண்டு கைகளாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவன் போய்ச் சேருவதற்குள் செய்தி காடு முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

“இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போடுவாங்களா?” என்றாள் அவன் மனைவி இருளாயி. “சந்தைக்குப் போய்த் தையல்சிட்டுகிட்டச் சொல்லி ஒண்ணு தைச்சுப் போட்டுக்குங்க. கரை அரிச்சுக் கிடக்கிற இடம் நம்ம வீட்டுக்கு நேர் மேலதான் இருக்கு. அங்க நீங்க கல் வைக்கலேன்னா, முதல் மழையில தண்ணி நம்ம பிள்ளைங்க தலைமாட்டுக்குத்தான் வரும்.”

“எனக்கு வேண்டியது ஒண்ணுதான், இருளாயி,” என்றான் சோணமுத்து. “இனி ஜென்மத்துக்கும் கிழியக் கூடாது.”

அவனுக்குத் தண்ணீர் மேல் பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் குரங்கின் சிரிப்பு மேல் அதைவிடப் பயம் இருந்தது.

மறுநாள், கிழிந்த இடத்தை மறைக்க ஒரு தேக்கிலையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். தையல்சிட்டின் கடை சந்தையின் நட்ட நடுவில் இருந்தது. நல்ல தையல் அங்கே கிடைக்கும். மரியாதை என்ற சரக்கு மட்டும் கிடைக்காது.

“என்ன வேலை பார்க்கிற?” என்றது தையல்சிட்டு.

“கல் பாவுற வேலை.”

“அப்ப குந்து.”

“எதுக்கு?”

“அளவெடுக்க.”

“அளவு நிக்க வச்சுத்தானே எடுப்பாங்க?”

“நீ நின்னுக்கிட்டா கல் பாவுற? குந்தினா இடுப்பு எவ்வளவு இறங்குது, முட்டிக்கு எவ்வளவு துணி விடணும்னு நான் பார்க்க வேணாமா? முட்டியில இன்னொரு துணி வச்சுத் தைப்பேன். தொளதொளன்னுதான் இருக்கும். பார்க்க ராஜாவாட்டம் இருக்காது. இஷ்டம்னா குந்து, இல்லேன்னா வழியை விடு.”

சோணமுத்து சுற்றிலும் பார்த்தான். எதிரே நிலக்கடலை வாங்கிக்கொண்டிருந்த குரங்கு, கடலையை விட்டுவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தது. குந்தினால் தேக்கிலை என்ன கதி ஆகும் என்று அவன் நினைத்துப் பார்த்தான்.

“கொஞ்சம் அவசர வேலை இருக்கு, அப்புறம் வர்றேன்,” என்று சொல்லி நழுவிவிட்டான்.

சந்தைக் கோடியில் முள்ளம்பன்றியின் ஜவுளிக்கடை இருந்தது. அங்கே வரவேற்பே வேறு மாதிரி.

“வாங்க முதலாளி, வாங்க!”

சோணமுத்து திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. முதலாளி அவன்தான்.

“கிழியாத கால்சட்டை ஒண்ணு வேணும்,” என்றான்.

“கிழியிற சரக்கு நம்ம கடையிலயே கிடையாதுங்க. பனைநாரை முறுக்கி நெய்து, மரப்பசையில ஊறப்போட்டு, வெயில்ல காயவச்சது. பாருங்க!” என்று சொல்லி முள்ளம்பன்றி கால்சட்டையைத் தரையில் விரித்து, தன் முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு அதன் மேல் உருண்டது. ஒரு கீறல் விழவில்லை. “இது கிழிஞ்சா என் முள்ளு அத்தனையும் பிடுங்கிக்குங்க.”

சோணமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு கால்சட்டை இருக்கும்போது உலகத்தில் ஏன் துன்பம் இருக்கிறது என்று நினைத்தான்.

அவனை ஒரு பாறை மேல் ஏற்றி, கால்சட்டையைக் கீழே நிறுத்தி, மெல்ல உள்ளே இறக்கியது முள்ளம்பன்றி. பக்கத்துக் குட்டையில் தன் நிழலைப் பார்த்தான் சோணமுத்து. கால் இரண்டும் தூண் மாதிரி நேராக நின்றன. இடுப்பு நிமிர்ந்திருந்தது. நேற்றுவரை கல் சுமந்த கரடி என்று யாரும் சொல்ல முடியாது.

“உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“உட்கார்ந்தா அழகு தெரியாதே, முதலாளி!”

அதுவும் நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. வீட்டில் சேர்த்து வைத்திருந்த தேனையெல்லாம் கொண்டுவந்து கொடுத்து அதை வாங்கிக்கொண்டான்.

அன்று மாலை கழற்றி வைத்தபோது, கால்சட்டை மூலையில் தானாகவே நின்றது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து, பிள்ளைகள் அதற்குக் கைகூப்பி வணக்கம் சொன்னார்கள். இருளாயி தேன்குடத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

மறுநாள் காலை சோணமுத்து கரைக்குப் போனான். காலை மடக்காமல் நடக்க வேண்டியிருந்ததால், அவன் நடை மிகவும் கம்பீரமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு கல்லை எடுக்கக் குனிந்தான். குனிய முடியவில்லை. குந்தப் பார்த்தான். முட்டி மடங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தபடி நின்றான்.

அந்த நேரம் பார்த்து யானைத் தலைவர் எதிர்க்கரையில் வந்தார். அவர் எதையும் தூரத்திலிருந்து பார்த்து முடிவு செய்கிறவர்.

“அங்கே இடுப்பில் கை வச்சு நிக்கிறது யாரப்பா?”

“கரடி சோணமுத்துங்க,” என்றது அங்கே மண் எடுக்கப் போயிருந்த குரங்கு.

“இந்த வேலைக்கு ஒரு மேஸ்திரி இல்லையேன்னு கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன். நிக்கிற தோரணையைப் பார்த்தாலே தெரியுது. இனி அவர்தான் மேஸ்திரி!” என்று இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு யானைத் தலைவர் போய்விட்டார்.

சோணமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்ய முடியாமல் நின்றதற்கு இப்படி ஒரு பரிசு கிடைக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. கையை நீட்டி, “அந்தக் கல்லை இப்படி வை, இந்த மண்ணை அப்படிப் போடு,” என்று சொல்ல ஆரம்பித்தான். சொல்வதற்கு அந்தக் கால்சட்டை மிகவும் வசதியாக இருந்தது.

குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? நிமிர்ந்து நின்றால் மேஸ்திரி ஆகலாம் என்றால், நிமிர்த்தி நிறுத்துகிற கால்சட்டை முள்ளம்பன்றியின் கடையில்தான் இருக்கிறது. முதலில் குரங்கு வாங்கியது. அடுத்துக் காட்டுப்பன்றி வாங்கியது. பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வாங்கிவிட்டார்கள்.

இருளாயி கஞ்சிக் கலயத்தோடு கரைக்கு வந்தபோது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அந்தக் கல்லை எடுப்பா,” என்றது குரங்கு.

“நீ எடு, நான் பார்த்துச் சொல்றேன்,” என்றது காட்டுப்பன்றி.

“யாராவது எடுங்கப்பா,” என்றான் சோணமுத்து மேஸ்திரி.

கல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“இத்தனை பேர் நிக்கிறீங்களே, யாரு வேலை செய்யிறது?” என்று கேட்டாள் இருளாயி.

“வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. நாங்க எல்லாரும் மேற்பார்வை பார்க்கிறோம்,” என்றான் சோணமுத்து.

“நம்ம வீட்டுக்கு மேல இருக்கிற இடத்துல ஒரு கல்லுகூட வைக்கலையே!”

“வைப்போம், வைப்போம். நீ கஞ்சியை ஊத்து.”

“உட்கார்ந்து குடிங்க.”

“இல்லை, நின்னுக்கிட்டே குடிக்கிறேன்.”

இருளாயி அவன் முகத்தைப் பார்த்தாள், கால்சட்டையைப் பார்த்தாள், அரித்துக் கிடந்த கரையைப் பார்த்தாள். கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டாள். சோணமுத்து அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மேஸ்திரி பட்டம் என்ன ஆகும் என்று நினைத்து, கஞ்சியை நின்றபடியே குடித்து முடித்தான்.

மேற்பார்வை நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோதே மழை வந்துவிட்டது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, மலையில் கொட்டியது; ஓடையெல்லாம் கண்மாய்க்குத் திரும்பின. தண்ணீர் ஏறி ஏறி, அரித்துக் கிடந்த இடத்தைத் தொட்டது. கல் இல்லாத மண் எவ்வளவு நேரம் தாங்கும்? முதலில் கசிந்தது. பிறகு ஒரு வாய்க்கால் மாதிரி ஓடியது.

கீழிருந்து இருளாயியின் குரல் கேட்டது. “ஐயோ, வீட்டுக்குள்ள தண்ணி வருது! பிள்ளைங்க உள்ள இருக்காங்க!”

சோணமுத்து மடங்காத காலோடு உடைப்பை நோக்கி ஓடினான். குந்தப் பார்த்தான். முட்டி மடங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பலத்தையெல்லாம் சேர்த்து மறுபடியும் குந்தப் பார்த்தான். கால்சட்டையில் ஒரு நூல்கூட அசையவில்லை.

“கிழிஞ்சு தொலையேன்!” என்று கத்தினான். “உன்னைக் கும்பிடுறேன், கொஞ்சமாவது கிழியேன்!”

அது கிழியவில்லை. முள்ளம்பன்றி பொய் சொல்லவே இல்லை.

தண்ணீர் இன்னும் வேகமாக ஓடியது. ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. சோணமுத்து ஒரு நொடி சுற்றிலும் பார்த்தான். குரங்கு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். கால்சட்டையைக் கழற்றி வீசினான். அத்தனை பேர் முன்னாலும் வெறும் கரடியாகச் சேற்றில் குந்தினான்.

எவ்வளவு சுகமாகக் குந்த முடிந்தது! கல்லை இழுத்தான், வைத்தான், களிமண்ணை அப்பினான். ஆனால் ஓடுகிற தண்ணீர் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. மண்ணைப் போட்டுக் கட்ட ஏதாவது மூட்டை இருந்தால்தான் நிற்கும். எது கிழியாத மூட்டை?

அப்போது அவன் கண்ணில் அது பட்டது. வீசிய இடத்தில் கால்சட்டை, மழையில் நனைந்தபடி, நிமிர்ந்து நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

அதை இழுத்துப் போட்டான். கால் நுனி இரண்டையும் கொடியால் இறுக்கிக் கட்டினான். உள்ளே களிமண்ணைத் திணித்து, இடுப்பையும் கட்டி, உடைப்பில் வைத்து அழுத்தினான். தண்ணீர் பாதி நின்றது.

“என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கரையே அதிரக் கத்தினான். “எல்லாரும் கழட்டுங்க!”

மேஸ்திரி ஆன பிறகு அவன் சொன்னதில், எல்லாரும் கேட்ட முதல் வார்த்தை அதுதான். குரங்கு கழற்றியது, காட்டுப்பன்றி கழற்றியது, எல்லாரும் கழற்றினார்கள். குனிய முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் மண்ணை அள்ளினார்கள். கால்சட்டை மேல் கால்சட்டையாக அடுக்கி, மேலே சோணமுத்து கல் பாவினான். மழை ஓய்ந்தபோது உடைப்பு அடைபட்டிருந்தது. இருளாயி நனைந்த பிள்ளைகளை இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு கரைக்கு ஏறி வந்தாள். சோணமுத்து பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு, வெட்கம் இல்லாமல் அழுதான்.

யானைத் தலைவர் வந்து பார்த்தார். எல்லாரும் இருந்த கோலத்தைக் கண்டு, மரியாதைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

“கரை நிக்குது, சந்தோஷம். ஆனா இதுல மேஸ்திரி யாருன்னே அடையாளம் தெரியலையே?”

“யாரும் இல்லைங்க,” என்றான் சோணமுத்து. “அதனாலதான் கரை நிக்குது.”

அடுத்த சந்தையன்று முள்ளம்பன்றியின் கடையில் கூட்டம் நெரிந்தது. “கண்மாய்த் தண்ணியையே தாங்குன கால்சட்டை! இந்தக் காடே சாட்சி!” என்று அது கூவிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது.

“முதலாளி, உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?” என்று சோணமுத்துவைப் பார்த்துக் கேட்டது.

“கரை உடைஞ்சா சொல்லி அனுப்புறேன்,” என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

நேராகத் தையல்சிட்டின் கடைக்குப் போனான். அது வாயைத் திறப்பதற்கு முன்னால், சந்தையின் நட்ட நடுவில், தேக்கிலையோடு குந்தினான். அவன் பின்னால் குரங்கு குந்தியது. அதன் பின்னால் காட்டுப்பன்றி குந்தியது. கரை வேலைக்காரர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு இலையைக் கட்டிக்கொண்டு வரிசையாகக் குந்தினார்கள். சந்தைக்கு வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“சிரிச்சு முடிச்சவங்க எல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றது தையல்சிட்டு, அளவுக் கயிற்றை அலகில் எடுத்தபடி. “வெளிச்சம் மறைக்குது.”

நீதி: வேலைக்கு உடை வாங்குகிறவர், நின்று அழகு பார்த்து வாங்கக் கூடாது, குனிந்து வேலை பார்த்து வாங்க வேண்டும்.