கொதிக்கும் கொப்பரையும் கொசுறுச் சால்வையும்

நீர்மங்கலத்தை வல்லபராயர் ஆண்ட காலத்தில், அரண்மனைக்குச் சாமான் வாங்கிப் போடுகிற வேலை எனக்கு. பெயர் காத்தவராயன். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை, சந்தையில் ஏமாந்து ஏமாந்தே பேரம் படித்தவன். பேரத்தில் புலி என்பார்கள். புத்தியில் என்ன என்று யாரும் சொன்னதில்லை, என் கோபத்துக்குப் பயந்து.

ஒரு பாரசீக வியாபாரியிடம் ராஜசபைக்குச் சிவப்புக் கம்பளம் வாங்கினேன். விலையைப் பாதியாக்கியதோடு விட்டேனா? அதே ரோமத்தில், அதே சாயத்தில் நெய்த சால்வை ஒன்றையும் கொசுறாகப் பிடுங்கினேன். கிளம்பும்போது அவன், "ஐயா, இதைத் துவைக்கிற முறை..." என்று வாயெடுத்தான்.

"பேச்சை வளர்த்து விலையை ஏற்றப் பார்க்கிறாயா? ஓடு!" என்று விரட்டிவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

சால்வையை அரண்மனை மணியக்காரர் திருமேனிநாதர் ராஜாவிடம் கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கும் எனக்கும் ஆகாது.

ஆறு மாதம் போயிருக்கும். விருந்தில் ஒரு குடம் பானகம் கம்பளத்தில் கவிழ்ந்தது. மறுநாள் எறும்புகள் சிம்மாசனம் வரை வந்துவிட்டன. ராஜா காலைத் தூக்கி உட்கார்ந்துகொண்டு, "இதை யார் சுத்தம் செய்வது?" என்றார்.

"வாங்கத் தெரிந்தவருக்குத் துவைக்கத் தெரியாதா?" என்று மணியக்காரர் என்னைப் பார்த்து இளித்தார்.

"தெரியும்யா! உமக்கு என்ன வந்தது?" என்று கத்திவிட்டேன். சத்தியமாகத் தெரியாது.

"நல்லது," என்றார் ராஜா. "நாலு நாளில் சம்பந்தி வருகிறார். கம்பளம் ஒரு விரற்கடை சுருங்கினாலும், சாயம் ஒரு சொட்டுப் போனாலும், நீ ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்."

வெளியே வந்ததும் மணியக்காரர் கிட்டே வந்தார். "கொதிக்கிற வெந்நீரில் சவுக்காரம் போட்டு ஊற வை. கல்லில் அடித்துத் துவை. உச்சிவெயிலில் கொடியில் தொங்கவிடு. உன் நல்லதுக்குச் சொல்கிறேன்."

என் நல்லதுக்கா? சந்தையில் கேட்காமலே விலையைக் குறைப்பவனின் சரக்கை இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பவன் நான்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் கொப்பரை கொதித்தது. ராஜா வந்து உட்கார்ந்தார், பக்கத்தில் சால்வையோடு மணியக்காரர்.

"மகாராஜா, மணியக்காரர் சொன்ன முறைதான். ஆனாலும் முதலில் ஒரு துண்டில் சோதிக்க வேண்டும். கம்பளத்தை வெட்டலாமா? அதே ரோமம், அதே சாயம் அவர் தோளிலேயே இருக்கிறது."

"நியாயம்தானே? கொடும்," என்றார் ராஜா.

மணியக்காரர் மனமில்லாமல் கழற்றினார். சால்வையை வாங்கி, நுனியைக் கொப்பரைக்கு மேல் பிடித்தேன். ஆவி பட்டதுதான் தாமதம், மணியக்காரர் அலறினார்.

"ஐயோ, வெந்நீர் வேண்டாம்! சுருங்கிவிடும்! பச்சைத் தண்ணீர்!"

"பச்சைத் தண்ணீரில் சவுக்காரம் போடலாமா?"

"படுபாவி, சாயம் போய்விடும்! பூந்திக்கொட்டை நுரை போதும்!"

"பிறகு கல்லில் அடிக்கலாம்?"

"காய்ந்திருக்கும்போதே பிரம்பால் தட்டித் தூசியை எடு! நனைந்தபின் அடிக்காதே, துணியால் ஒற்று!"

"கொடியில்..."

"தொங்கவிட்டால் இழுபட்டுக் கோணும்! நிழலில் விரித்துப் போடு! நீ விரட்டிய அந்த வியாபாரியே என்னிடம் சொல்லிவிட்டுப் போனானடா!"

மணியக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் சொன்னபடியே செய்தோம். நாலாம் நாள் முழக்கோல் வைத்து அளந்தார்கள், விரற்கடை குறையவில்லை. வெள்ளைத் துணியால் தேய்த்தார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது. ராஜா மகிழ்ந்து அந்தச் சால்வையை என் தோளில் போர்த்தினார்.

"அதுசரி காத்தவராயா, அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நிஜமாகவே முக்கியிருப்பாயா?"

"முக்கியிருப்பேன் மகாராஜா. எனக்கு வேறு முறை தெரியாதே!"

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்தபடியே சால்வையை என் தோளிலிருந்து உருவி மணியக்காரரிடமே கொடுத்துவிட்டார். தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி எனக்கு மாட்டினார்.

"இதை வைத்துக்கொள். நீ எந்தக் கொப்பரையில் போட்டாலும் இது சுருங்காது, சாயமும் போகாது!"