கெட்டி மண்

கல்லூரியின் சுற்றுச்சூழல் துறைத் தலைவர் அருமைநாயகம் ஏரிக்கரைப் பக்கம் போனதே இல்லை. கரையோரம் கெட்டி மண் என்று சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து மாணவர்கள் எழுதுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அவரும் கையெழுத்துப் போட்டுவந்தார். செண்பகவடிவு மட்டும் இறங்கிப் பார்த்து, முழங்கால் சேறு என்று எழுதிவிட்டாள்.

"சீனியர்ஸ் எல்லாம் முட்டாளா? மாத்தி எழுது, இல்லேன்னா பெயில்" என்றார்.

செய்முறைத் தேர்வன்று, வெளியூர்த் தேர்வாளர் முன்னால் அவள் பணிவாகச் சொன்னாள்: "மாத்திட்டேன் சார். அந்தக் கெட்டி மண்ணுல நீங்க நிக்கிற மாதிரி ஒரு போட்டோ ஒட்டிட்டா போதும்."

தலைவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஏரிக்கரைக்குப் போய்க் கம்பீரமாக இறங்கி நடந்தார். நாலாவது அடியில் முழங்கால்வரை புதைந்தார்.

"தூக்கிவிடும்மா!" என்று கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையில் பேனாவை வைத்தாள். "என்னோட பழைய பக்கத்தைக் கிழிக்கல சார். அதுல ஒரு கையெழுத்து."