மேஸ்திரிக்கு எடுத்த வேட்டி

பெண்ணையாற்றின் தென்கரையில் ஒரு சிறிய மடம். அங்கே ஞானாம்பிகை அம்மை என்று ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஏகாம்பரமும் அப்படித்தான். அவர் அம்மையைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார். ஆனால் அம்மை சொல்வதில் பாதியைத்தான் கேட்பார். மற்றப் பாதியில்தான் அவருக்குத் தொந்தரவெல்லாம் வந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, சொட்டச் சொட்ட நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒருத்தன் நமக்குத் தப்பு செஞ்சா அவனை என்ன செய்யறது?"

"யாரு செஞ்சது?"

"பொதுவாத்தான் கேக்கறேன்."

"பொதுவா யாரும் தப்பு செய்யறதில்லை ஐயா. யாராவது ஒருத்தர்தான் செய்வாங்க. பேரைச் சொல்லுங்க."

"தணிகாசலம். என் வீட்டைக் கட்டின மேஸ்திரி."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்து, கடைசியில் கட்டிய சொந்த வீடு. வைகாசியில் பால் காய்ச்சினார்கள். ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்ததும் வடக்கு அறையில் ஒழுக ஆரம்பித்தது. சுவரெல்லாம் ஈரம். மேஸ்திரிக்குப் போன் செய்தால், "அது ஒழுகல் இல்ல சார், புதுச் சுவரு, அப்படித்தான் ஈரம் காட்டும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. வேறு கொத்தனார்களைக் கூட்டிவந்து காட்டினால், "இன்னொருத்தர் கை வச்ச தளம், நாங்க தொட மாட்டோம்" என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

"வக்கீலைப் பார்த்தேன். கேஸ் போடலாம், ஜெயிக்கலாம்னு சொல்றாரு."

"போடுங்களேன்."

"எப்ப தீர்ப்பு வரும்னு அவராலயே சொல்ல முடியல." ஏகாம்பரத்தின் குரல் இறங்கியது. "கார்த்திகையில பொண்ணைப் பிரசவத்துக்கு அழைச்சுட்டு வரணும்மா. தலைப்பிரசவம். அவளுக்காகத்தான் அந்த ரூமையே கட்டினேன். மருமகன் வந்து பார்த்துட்டு, பச்சைக் குழந்தையை இதுலயா வச்சுக்குவீங்க, அவ எங்க வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. தப்பா சொல்லல, நல்லபடியாத்தான் சொன்னாரு. அதான் தாங்கல."



"கிரகப்பிரவேசத்தன்னிக்கு மேஸ்திரிக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் அம்மை.

"வேட்டி எடுத்து வச்சிருந்தேன்."

"நல்ல வேட்டியா?"

"ஜரிகைக் கரை போட்டது."

"இப்ப எங்க இருக்கு?"

ஏகாம்பரம் குடையைப் பார்த்தார். "பீரோவுல" என்றார்.

வீடு கட்டிய மேஸ்திரியைக் கிரகப்பிரவேசத்தன்று குடும்பத்தோடு அழைத்து, தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் பந்தியில் உட்காருவது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் அன்று காலை வரைக்கும் மாடிப்படிச் சுவருக்கு வண்ணம் அடித்து முடியவில்லை. சம்பந்தி வீட்டார் வந்து நிற்கும்போது பாதி வெள்ளை, பாதி சிமெண்ட். ஏகாம்பரத்துக்கு வந்த கோபத்தில் மேஸ்திரிக்கு ஆள் அனுப்பவே இல்லை. வேட்டி வைத்த தட்டு காலியாகிப் பூ வைக்கப் பயன்பட்டது.

"ஞாயித்துக்கிழமை அவரைக் குடும்பத்தோட சாப்பிடக் கூப்பிடுங்க" என்றார் அம்மை. "நானும் வரேன். அந்த வடக்கு ரூம்லயே இலை போடுங்க."

"என் வீட்டை ஒழுக விட்டவனுக்கு நான் விருந்து வைக்கணுமா?"

"ஆமா. பாயசத்தோட."

"போனை எடுக்க மாட்டேங்கறான்மா."

"நேர்ல போய்க் கூப்பிடுங்க. எப்படிக் கூப்பிடணுமோ அப்படி."

இந்தத் தடவை ஏகாம்பரம் முழுவதையும் கேட்டார். அம்மை சொன்னது பிடித்ததனால் அல்ல. அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அவரும் அவர் மனைவி வசந்தகோகிலமும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனார்கள். இவர்களைக் கண்டதும் தணிகாசலம் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் மனைவி அஞ்சலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள்.

"சண்டைக்கா வந்தீங்க, கூப்பிடவா வந்தீங்க?"

"கூப்பிடத்தான் வந்தோம்" என்றாள் வசந்தகோகிலம்.

அஞ்சலை குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டாள். "வரோம்" என்று கொல்லைப்பக்கம் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது, ஆனால் தூறவில்லை. மேஸ்திரி சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தார். அஞ்சலை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வடக்கு அறையில் ஒழுகலுக்கு வைத்திருந்த வாளியை அம்மை தன் கையாலேயே நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தில் மேஸ்திரி, மறுபக்கத்தில் அஞ்சலை. பரிமாறப் போன ஏகாம்பரத்தை அம்மை விடவில்லை.

"நீங்களும் உக்காருங்க ஐயா. மேஸ்திரி பக்கத்துல."

எதிர்ப்பக்கம் போய் உட்காரலாம் என்றிருந்தவர், வேறு வழியின்றி மேஸ்திரிக்கு அந்தப் பக்கம் ஓர் இலைக்கு இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பால் காய்ச்சின அன்னிக்கும் இதே புடவையைத்தான் கட்டிகிட்டு உக்காந்திருந்தேன். ஆள் வரும் வரும்னு மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் பழையசோத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் புடவையை மடிச்சு வச்சேன்."

"அஞ்சலை" என்றார் மேஸ்திரி.

"சொல்லட்டும்" என்றார் அம்மை.

"ஊர்ல ஒருத்தர் விடாம கேட்டாங்க. கட்டின வீட்டுல வேட்டி குடுக்கலையாமே, என்ன கோளாறு பண்ணினாருன்னு. அதுக்கப்புறம் இவரை நம்பி யாரும் ஒரு சுவரு எழுப்பக்கூடக் கூப்பிடல. சும்மா சொல்லல, எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க."

வசந்தகோகிலம் ரசப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. ஏகாம்பரத்துக்குக் கோபமும் வெட்கமும் கலந்து வந்தன. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அப்போது மழை பிடித்தது.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு சொட்டு அம்மையின் இலையில் விழுந்தது. அம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த சொட்டு சோற்றில் விழுந்தது. அவர் அந்தச் சோற்றை எடுத்துச் சாப்பிட்டார். ஏகாம்பரத்துக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். நன்றாக மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார். அறுபது வயதில் வரக்கூடாத சந்தோஷம்தான், ஆனாலும் வந்தது.

மேஸ்திரியின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, இலையை நகர்த்திக்குங்க."

"ஏன்?"

மேஸ்திரி கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒழுகுது" என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எழுந்து, அம்மையின் இலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் இடத்தில் வைத்தார். தன் இலையை இழுத்து, சொட்டு விழுகிற இடத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த சொட்டு அவர் சாம்பாரில் விழுந்தது. அதைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ஏகாம்பரத்தின் குதூகலம் போன இடம் தெரியவில்லை. அவர் இருந்தாற்போலிருந்து பேசினார்.

"தளத்துல தண்ணி நிறுத்தியிருந்தாரும்மா இவரு. சுத்தி மண்ணால வரப்புக் கட்டி. தளம் இறுக இன்னும் பத்து நாள் நிக்கணும் சார்னு சொன்னாரு. ஆனி பிறந்துடும், அப்புறம் ஆவணி வரைக்கும் நாள் இல்லைன்னு நான்தான் வரப்பை வெட்டி வடிக்கச் சொன்னேன்."

மழைச் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க சொன்னதுக்கு நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது சார்" என்றார் மேஸ்திரி, தலை நிமிராமல். "முடியாதுன்னு சொல்லியிருக்கணும். ஒரே மத்தியானத்துல மேல தட்டோடுகளைப் பதிச்சு முடிச்சேன். ஓட்டு இடுக்கை அடைக்கச் சிமெண்ட் பால் ஊத்தவே இல்ல. மழைக்கு முன்னாடி வந்து ஊத்திடலாம்னுதான் இருந்தேன். கூப்பிடலையேன்னு கோவத்துல வரல. போன்ல ஈரம்னு சொன்னேனே, அது பொய்தான்."

வசந்தகோகிலம் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். யாரையும் கேட்காமல் பீரோவைத் திறந்து வேட்டியை எடுத்து வந்தாள். தட்டில் வைப்பதற்காகப் பிரித்து மடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த ஈரச் சுவரோரம் இருந்த பீரோவுக்குள் ஈரம் இறங்கி, வேட்டியின் நடுவில் பழுப்பாக ஒரு கறை படிந்திருந்தது.

"ஐயோ, இதை எப்படிக் குடுக்கறது? வேற எடுத்துடலாம்" என்றார் ஏகாம்பரம்.

மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எனக்குன்னு எடுத்ததுதானே சார்?"

"ஆமாம்."

"அப்ப குடுங்க."

ஏகாம்பரமும் வசந்தகோகிலமும் சேர்ந்து நின்று தட்டைக் கொடுத்தார்கள். அஞ்சலை கறையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கட்டிய வீட்டுத் தண்ணீர் அவர் வேட்டியையே தேடிவந்து நனைத்திருக்கிறதே என்று புருஷனைக் கேலி செய்தாள். மேஸ்திரியும் சிரித்தார். அந்த அறையில் அதுவரை யாரும் சிரித்ததில்லை.

"சாமான் நான் வாங்கித் தரேன்" என்றார் ஏகாம்பரம்.

"கூலி பேசாதீங்க" என்றார் மேஸ்திரி.

மழை விட்டிருந்த நாட்களாகப் பார்த்து வேலை நடந்தது. தார்ப்பாய் கட்டி, பதித்த ஓடுகளையெல்லாம் பெயர்த்து, வெடிப்பை அடைத்து, மறுபடி பதித்து, இடுக்குக்கு இடுக்கு சிமெண்ட் பால் ஊற்றினார்கள். கடைசியில் மண் வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்தினார் மேஸ்திரி. கூரை வேலை நடப்பதைக் கேள்விப்பட்டுச் சம்பந்தி வீட்டிலிருந்து, பெண்ணை அழைத்துப்போகிற நாளைக் கொஞ்சம் முன்னாடியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ஏகாம்பரம் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து, முடியாது என்று சொன்னார். மேஸ்திரி வரப்பை வெட்டிய நாளுக்கு மறுநாள்தான் பெண்ணை அழைத்து வந்தார்கள்.

அன்று மத்தியானம் நல்ல மழை. பெண் தேன்மொழி வடக்கு அறையில் கட்டிலில் படுத்து, பயணக் களைப்பில் உடனே தூங்கிவிட்டாள். மாப்பிள்ளை சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தேன்மொழி இங்கேயே இருக்கட்டும் என்பதற்கு அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஏகாம்பரம் அறைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இல்லை. மார்பிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று துடைத்துக்கொண்டார்.

வாசலில் சைக்கிள் சத்தம். கூப்பிடாமலேயே மேஸ்திரி நனைந்துகொண்டு வந்து நின்றார். இடுப்பில் அந்த வேட்டி. துவைத்துத் துவைத்தும் கறை போகவில்லை.

"எப்படி சார் இருக்கு?"

"பாருங்க."

இருவரும் சத்தம் போடாமல் கூரையைப் பார்த்தார்கள். தேன்மொழி புரண்டு படுத்தாள். மேஸ்திரி தலையைத் துவட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். வசந்தகோகிலம் அவருக்குக் காபி கலந்தாள்.

மழை விட்டதும் ஏகாம்பரம் மடத்துக்குப் போனார். அம்மை முற்றத்தில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒழுகலம்மா."

"பொண்ணு?"

"தூங்கறா."

அம்மை முகம் மலர்ந்தது. துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார். ஏகாம்பரம் தயங்கினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னிக்கு மழை வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாதே."

"அப்ப, வராம போயிருந்தா? அந்த ஆளு அப்படியே சாப்பிட்டுட்டு எழுந்து போயிருப்பாரே."

அம்மை அவரை வியப்போடு பார்த்தார்.

"நான் மழையைக் கூப்பிடச் சொல்லலையே ஐயா. மேஸ்திரியைத்தானே கூப்பிடச் சொன்னேன்."