ஒரே மைக்கில் ஆறு குரல்

குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்குப் பேரன் பிறந்துவிட்டான். ஆகவே இந்தக் கதையில் குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "டீச்சர்" என்பார்.

டீச்சரின் பெயர் ஜெசிந்தா. திருச்சியில் வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். பாலக்கரைப் பக்கம் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுவையும் அவர்தான் நடத்தினார். சீடர் நடனசபாபதி, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

சபாபதி முதலில் ஜெசிந்தாவின் கடைக்கு வந்தது ஆம்ப்ளிஃபயர் வாங்கத்தான். எது நல்லது என்று கேட்டார்.

"முதல்ல கேட்கக் கத்துக்கங்க சார். அப்புறம் வாங்கலாம்" என்றார் ஜெசிந்தா.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். சபாபதி அடுத்த கடைக்கும் போனார். அங்கே ஒன்றை வாங்கியும் விட்டார். ஆனால் அடுத்த வாரம் ஜெசிந்தாவிடமே திரும்பி வந்து, "கத்துக் கொடுங்க டீச்சர்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்று தொடங்கியது பாடம். அதற்காக அவர் வாங்குவதை நிறுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கேட்கிற பொறுமை அவருக்கு நிறைய இருந்தது, வாங்காமல் இருக்கிற பொறுமை துளியும் இல்லை.

ஒரு நாள் கேட்டார். "டீச்சர், எத்தனை வாட் இருந்தா போதும்?"

ஜெசிந்தா உதட்டைக்கூட அதிகம் அசைக்காமல் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னீங்க?" சபாபதி ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார். மறுபடியும் அதே முணுமுணுப்பு. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். முட்டி இடிக்கிற தூரத்துக்கு வந்த பிறகுதான் காதில் விழுந்தது.

"உங்க ரூம் சின்ன ரூம் சார். இருக்கறதே போதும்."

சபாபதி தலையாட்டினார். அடுத்த மாதம் அதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று அவர் வீட்டில் வந்து இறங்கியது.

அந்த அறையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஏழு ஸ்பீக்கர்கள், மூலையில் ஒரு சப்வூஃபர், தரையெங்கும் சாரைப்பாம்பு கனத்தில் கேபிள்கள். வீட்டில் இருந்தவர்கள் அந்த அறைக்குள் துடைப்பத்தோடு போகவே யோசித்தார்கள். அங்கே படம் எதுவும் ஓடாது. பேரன் கார்ட்டூன் பார்க்கக் கெஞ்சினாலும் கிடையாது. பழைய படப் பாட்டு ஒன்று ஓடும். முடிந்ததும் அதே பாட்டு மறுபடியும் ஓடும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, கேபிள் பற்றிய கேள்வியோடு வந்தார்.

"வெள்ளிப் பூச்சு போட்ட கேபிள் ஒண்ணு வந்திருக்காம் டீச்சர். குரலையெல்லாம் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டிடுமாம். வாங்கலாமா?"

"என்கிட்டயே ஒண்ணு இருக்கு. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அந்தச் சுவரைப் பார்த்து உட்காருங்க, திரும்பக் கூடாது" என்றார் ஜெசிந்தா.

சபாபதி கீழ்ப்படிந்தார். அவர் எப்போதும் கேட்கிற அந்தப் பழைய பாட்டு ஒரு தரம் ஓடியது. பின்னால் ஏதோ உருட்டுகிற சத்தம், திருகுகிற சத்தம். பாட்டு மறுபடியும் ஓடியது.

"எது தேவலை?"

"ரெண்டாவதுதான்! சந்தேகமே இல்லை. கண்ணாடியைத் துடைச்ச மாதிரி இருக்கு."

"திரும்பிப் பாருங்க."

திரும்பினார். முதலில் மாட்டியிருந்த சாதாரணச் செம்புக் கம்பிதான் அப்படியே இருந்தது. வெள்ளிக் கேபிள் உறைகூடப் பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது.

"நான் எதையும் மாத்தலை சார். கம்பி தேவையான கனம் இருக்கணும், முனை இறுக்கமா இருக்கணும். அதுக்கு மேல கேபிள் ஒண்ணும் பாடாது."

சபாபதி அசடு வழிந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்போ கோளாறு ஆம்ப்ளிஃபயர்லதானா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி ஜெசிந்தாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் சபாபதியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பொருள் வாங்கித் தள்ளுகிறவர்களின் முகத்தை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இது அந்த முகமாக இல்லை. தொலைந்துபோன ஒருவரை ரயில் நிலையத்தில் தேடுகிறவர் முகம்போல இருந்தது.

"சார், அந்தப் பாட்டுல எதைத் தேடறீங்க?"

சபாபதி வெகுநேரம் கைக்கடிகாரத்தின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவை" என்றார்.

அவருக்கு ஒரு வயது முடிவதற்குள் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். விசாலம் என்று பெயர். கோடம்பாக்கத்தில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தவள். அப்பா அவளைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார். கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். வயதான காலத்தில் ஒரு நாள் ரேடியோவில் பழைய ஓடப் பாட்டு ஒன்று ஓடியது. நடுவில் பெண்கள் சேர்ந்து ஒரு ஹம்மிங். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார்.

"இதுல உங்கம்மா இருக்கா" என்றார்.

எந்தக் குரல் என்று கேட்பதற்குள் ஹம்மிங் முடிந்துவிட்டது. அப்பா எழுந்து கை கழுவப் போனார். அதற்குப் பிறகு அவரும் அதிக நாள் இல்லை.

"விசாரிச்சேன் டீச்சர். ஆறு பேர் பாடினாங்களாம். யார் யாருன்னு யாருக்கும் தெரியலை. நானே கண்டுபிடிச்சுடலாம்னு பார்க்கறேன். கம்ப்யூட்டர்ல கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். தகர டப்பாவுக்குள்ள பூனை கத்தற மாதிரி வந்துது. நல்ல ஆம்ப்ளிஃபயர், நல்ல கேபிள் இருந்தா..."

"சார்" என்றார் ஜெசிந்தா. "அந்தக் காலத்துக் கோரஸுக்கு ஒரே மைக். ஆறு பேரும் அதைச் சுத்தி நின்னு பாடியிருப்பாங்க. மைக்குக்குள்ள போறப்பவே அது ஒரே சத்தம். ஒண்ணா உள்ள போனது, நீங்க ஏழு ஸ்பீக்கர் வச்சாலும் ஏழு இடத்துலேருந்தும் ஒண்ணாத்தான் வரும்."

சபாபதிக்கு இது தெரியாததல்ல. ஆயுள் முழுக்க மின்சாரத்தோடு புழங்கியவர். தெரிந்தும் தெரியாதமாதிரி இருந்தார், அவ்வளவுதான்.

"போட்டோ இருக்கு டீச்சர்" என்றார். "முகம் தெரியும். எம் பொண்ணுக்குக்கூட அதே மூக்கு. ஆனா அம்மா என்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டா எப்படி இருக்கும்னு தெரியாது. எனக்கு அறுபது வயசு. இன்னும் அந்த ஏக்கம் போகலை. யாராவது வாசல்ல அவங்க பிள்ளையைக் கூப்பிட்டாக்கூட நின்னு கேட்கறேன்."

ஜெசிந்தா வெள்ளிக் கேபிளை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க பாட்டுப் பயிற்சிக்கு வாங்க."

"நானா? கேட்கவா?"

"பாட."

நெற்றியில் விபூதியோடு தேவாலயத்துப் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்த சபாபதியை எல்லோரும் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள். ஆண்களில் ஐந்து பேரை ஜெசிந்தா தனியே அழைத்து, ஒரு மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்தினார். ஆறாவது ஆளாக சபாபதியை நிற்கச் சொன்னார். வார்த்தை கிடையாது. நாலே சுரத்தில் ஏறி இறங்குகிற ஒரு ஹம்மிங், அவ்வளவுதான். அதைப் பழகவே சபாபதிக்குப் பாதி மாலை போயிற்று.

"இப்ப எல்லாரும்" என்றார் ஜெசிந்தா.

பாடினார்கள். ஐந்து பேர் குரலும் ஒரு பக்கம் போக, சபாபதியின் குரல் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதுபோல் தனியே ஓடியது.

பக்கத்தில் நின்றவர் அருளப்பன்; பருத்த உடம்பு, கனத்த குரல், இருபது வருடமாகக் குழுவில் பாடுகிறவர். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "சார், ஒரு அடி பின்னாடி வாங்க. தனியாத் தெரியற குரல் பின்னாடி போகணும். அதான் எங்க வழக்கம். சேர்ந்த நாள்ல நான் அந்தக் கதவுகிட்ட நின்னு பாடினேன்."

சபாபதி ஒரு அடி பின்னால் போனார். மறுபடியும் பாடினார்கள். இன்னும் தனியே தெரிந்தது. இன்னொரு அடி போனார்.

"சத்தத்தைக் குறைச்சுக்கவா டீச்சர்?"

"அதைப் பத்தி யோசிக்காதீங்க. அருளப்பன் அண்ணன் குரலைக் கேளுங்க. அதைக் கேட்டுக்கிட்டே பாடுங்க."

கேட்டுக்கொண்டே பாடுவது சபாபதிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது. கேட்டால் பாட்டு விட்டுப்போயிற்று. பாடினால் காது அடைத்துக்கொண்டது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. வெளியே தெரு விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில், எத்தனையாவது முறை என்று எண்ணாத ஒரு முறையில், அது நடந்தது. தனியே தெரிந்த குரல் இப்போது தெரியவில்லை. அருளப்பன் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஜெசிந்தா கையைத் தாழ்த்தாமல் இன்னொரு சுற்று போகச் சொன்னார். அதைத்தான் பதிவு செய்தார்.

மறுநாள் மாலை ஜெசிந்தா பதிவை எடுத்துக்கொண்டு சபாபதியின் வீட்டுக்கு வந்தார்.

"உங்க ஆம்ப்ளிஃபயர், உங்க கேபிள், உங்க ஸ்பீக்கர். நேத்துப் பாடினதுல உங்க குரல் எதுன்னு கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து காபியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சபாபதி உற்சாகமாக இறங்கினார். இது அவர் குரல், அவருக்கா தெரியாது? முதலில் சும்மா கேட்டார். பிறகு பக்கத்து ஸ்பீக்கர்களை அணைத்து நடு ஸ்பீக்கரை மட்டும் வைத்துக் கேட்டார். ஒலியின் கனத்தைக் குறைத்தார், கூர்மையைக் கூட்டினார். எழுந்துபோய் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தார். அருளப்பன் இதோ என்று ஒரு இடத்தில் தோன்றியது, அடுத்த நொடி அது அருளப்பனா என்று சந்தேகமாக இருந்தது. தன் குரல் இங்கே என்று ஒரு இடத்தில் கையை உயர்த்தினார். மறுபடி அந்த இடம் வந்தபோது கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

காபி ஆறி, ஜெசிந்தா அதைக் குடித்தும் முடித்தார்.

"கிடைச்சுதா சார்?"

"இல்லை டீச்சர்."

"பாடினீங்கதானே?"

"பாடினேன். கடைசியில நல்லாவே பாடினேன்னு அருளப்பன் சொன்னார்."

"நல்லாத்தான் பாடினீங்க. பாடறப்ப உங்க குரல் உங்களுக்குக் கேட்டுச்சா?"

சபாபதி யோசித்தார். தரையில் கிடந்த கேபிளைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"முதல்ல கேட்டுச்சு. நாராசமாக் கேட்டுச்சு. அப்புறம் கேட்கலை. கடைசித் தடவை சுத்தி ஒரே சத்தமா இருந்துச்சு. அது வெளியிலேருந்து வருதா, எனக்குள்ளேருந்து வருதான்னு பிடிபடலை."

"இப்ப ஸ்பீக்கர்ல வந்தது?"

"அதேதான். நேத்து அங்க நின்னப்ப என்ன கேட்டுச்சோ அதேதான்."

ஜெசிந்தா எழுந்துபோய் அந்தப் பழைய ஓடப் பாட்டைப் போட்டார். எந்தக் குமிழையும் தொடவில்லை. ஓடக்காரன் பாடினான். துடுப்புத் தாளம் வந்தது. பிறகு பெண்களின் ஹம்மிங் எழுந்தது, ஆற்றின் அக்கரையிலிருந்து வருவதுபோல. சபாபதி எத்தனையோ நூறு முறை கேட்டது. இந்த முறை அவர் ஸ்பீக்கர் பக்கம் சாயவில்லை. ஆறில் எது என்று தலையைச் சாய்த்துத் தேடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். ஹம்மிங் வந்தது, அவரைச் சுற்றி நிறைந்தது, போயிற்று.

பாட்டு முடிந்த பிறகும் அவர் அசையவில்லை. கண்களைத் துடைக்கவும் இல்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"அன்னிக்கு மைக் முன்னாடி நின்னப்ப, எங்கம்மாவுக்கு என்ன கேட்டிருக்கும்?"

"இதுதான் சார்" என்றார் ஜெசிந்தா.