மூழ்கூரை வரைந்தது யார்?

குணாளன் தன் குருவைவிடப் பத்து வயது மூத்தவன்.

கோவையில் ஒரு பண்பலை வானொலியில் வருடக்கணக்காகப் பேசிப் பிழைத்தவன். சாம்பார்ப் பொடியோ சனிப் பெயர்ச்சியோ, எதைக் கொடுத்தாலும் ஒரே சரளத்தில் பேசுவான். அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். வீடியோ கேம்களைப் பற்றிப் பேசிச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்து, பீளமேட்டில் சுகிர்தாவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தான்.

சுகிர்தா நடத்திய யூடியூப் சேனலுக்குக் ‘கட்டைவிரல்’ என்று பெயர். புதிதாக ஒரு கேம் வந்தால் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம் என்கிறவர்கள் லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். ஆனால் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பிறகு ஏன் அவளிடம் இத்தனை பேர் வருகிறார்கள்? மாதங்கள் ஓடியும் குணாளனுக்கு அது பிடிபடவில்லை.

அந்த வாரம் ‘மூழ்கூர்’ வெளிவந்தது. ஈரோட்டில் தமயந்தி என்ற பெண் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய கேம். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஓர் ஊர். அதற்குள் முங்கித் தெருத்தெருவாக நீந்தித் திரிய வேண்டும். படங்கள் அத்தனையும் கையால் வரைந்தவை என்று சொல்லித்தான் விற்றார்கள்.

வந்த மறுநாளே ஒரு ஸ்கிரீன்ஷாட் பரவியது. படித்துறையில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். குடத்தை அணைத்த கையில் ஆறு விரல்.

இது மனிதர் வரைந்ததே இல்லை, ஏஐ போட்ட படம் என்று பேச்சு கிளம்பியது. ஒரு சேனல் ‘மோசடி’ என்றது. இன்னொன்று ‘பகல் கொள்ளை’ என்றது. வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வாங்காதவர்கள் அவர்களைவிடச் சத்தமாகத் திட்டினார்கள்.

சுகிர்தா வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் வசை விழ ஆரம்பித்தது. ‘எவ்வளவு வாங்கினீங்க?’ ‘ஈரோட்டுக்காரி உங்களுக்குச் சொந்தமா?’

குணாளனால் பொறுக்க முடியவில்லை.

“ஊரே பேசுது மேடம். நாம மட்டும் ஏன் சும்மா இருக்கோம்?”

“நீங்க விளையாடிட்டீங்களா சார்?”

“எதுக்குங்க? அதைப் பத்தி வந்த வீடியோ ஒண்ணு விடாம பார்த்துட்டேன். அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு வெச்சிருக்காங்க. கருத்து சொல்ல இது போதாதுங்களா?”

சுகிர்தா யோசித்தாள்.

“இன்னைக்குச் சாயங்காலம் நேரலை போடலாம். நீங்களே பேசுங்க.”

அவனுக்கு நெஞ்சு துள்ளியது. இதுவரை அவனைத் தனியாகக் கேமரா முன் உட்கார வைத்ததே இல்லை.

“ஆனா விளையாடிக்கிட்டேதான் பேசணும். கை போன இடத்தைப் பத்தி மட்டும் வாய் பேசட்டும். கை போகாத இடத்துக்கு வாய் போகக் கூடாது.”

“இவ்வளவுதானுங்களா?” என்றான் குணாளன்.

கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சுகிர்தாவின் போன் அடித்தது. அவள் கையில் விளக்கு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். தமயந்தி.

“அக்கா, நீங்க இன்னைக்குப் பேசறீங்கன்னு பார்த்தேன்.” குரல் அழுது அழுது தடித்திருந்தது. “நாங்க வரைஞ்சதுதான்க்கா. ரெண்டு வருசம். எங்க ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகே போயிருச்சு. எங்கம்மா மேல சத்தியம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க.”

“கேமை விளையாடறோம் தமயந்தி.”

“என்னை நம்பலையாக்கா?”

“விளையாடறோம்மா.”

“அப்ப நீங்களும் அவங்களோட சேர்ந்துட்டீங்க.” இணைப்பு அறுந்தது.

குணாளன் நிமிர்ந்து பார்த்தான். ஊர் பக்கமும் இல்லை, அந்தப் பெண் பக்கமும் இல்லை. இது என்ன நிலைப்பாடு? கோழைத்தனமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது. சுகிர்தா விளக்கைப் பொருத்திவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். திரையின் ஓரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை குதித்துக் குதித்து ஏறியது. இரண்டாயிரம். ஐந்தாயிரம். குணாளன் வாழ்நாளில் இத்தனை பேரை ஒரே நேரத்தில் கண்ணெதிரே கண்டதில்லை.

“வணக்கம் மக்களே! இன்னைக்கு...” என்று பழைய வானொலிக் குரலில் எடுத்தான். கை கன்ட்ரோலரை அழுத்தியது. தண்ணீருக்குள் முங்கினான். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பார்த்துவைத்த வீடியோக்களில் கேட்ட வாக்கியங்கள் எல்லாம் நாக்கின் நுனியில் நின்றன. ஆனால் கை இன்னும் எங்கேயும் போகவில்லை.

“மூச்சு தீர்ற சத்தம் நல்லா வெச்சிருக்காங்க” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “திரும்பும்போது கொஞ்சம் இழுக்குது. நாம ஒரு பக்கம் தள்ளுனா, அது யோசிச்சுத் திரும்புது.”

‘விரலுக்கு வாப்பா’ என்றது ஒரு கமென்ட். ‘நீச்சல் கிளாஸா நடத்தறே?’ என்றது இன்னொன்று. ‘விரல், விரல், விரல்’ என்று மளமளவென்று இறங்கிக்கொண்டே இருந்தது.

படித்துறைக்குப் போகும் சந்தில் நீரோட்டம் பலமாக இருந்தது. அடித்துக்கொண்டு போய் மூச்சுத் தீர்ந்து செத்தான். மறுபடியும் போனான். மறுபடியும் செத்தான். உள்ளங்கை வேர்த்துக் கன்ட்ரோலர் வழுக்கியது. கமென்ட்களில் சிரித்தார்கள். மூன்றாம் தடவை சுவரை ஒட்டியே நகர்ந்து, ஒரு தூணைப் பிடித்துத் தாண்டினான்.

பச்சைத் தண்ணீருக்குள் அந்தப் பெண் நின்றாள். அருகே போனான். விரல்களை வாய்விட்டு எண்ணினான்.

“ஆறுதான் இருக்கு.”

கமென்ட்கள் வெடித்தன. எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. ‘அப்ப ஏஐதானே?’ ‘சொல்லு!’ ‘ஆமாவா இல்லையா?’

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நாளைக்கு அவன் முகம் எல்லார் போனிலும் ஓடும். ‘ஏமாத்திட்டாங்க மக்களே!’ என்ற வாக்கியம் ஏற்ற இறக்கத்தோடு தொண்டையில் தயாராக நின்றது. அதே சமயம் காதுக்குள் தமயந்தியின் தடித்த குரலும் கேட்டது. தாயின் மேல் சத்தியம் செய்தவள். ‘இல்லை, இது மனுசன் வரைஞ்சதுதான்’ என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு கணம் வாய் துடித்தது.

சுகிர்தாவைப் பார்த்தான். தலையசைப்பாள், கண்ணைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. திரையில் நின்ற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கையில ஆறு விரல் இருக்கு” என்றான் குணாளன். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “அதை வரைஞ்சது யாருன்னு எனக்குத் தெரியலைங்க.”

ஒரு நொடி கமென்ட்கள் நின்றதுபோல் இருந்தது. பிறகு வசை மழை. ‘தெரியாதவன் எதுக்குடா பேச வந்தே?’ ‘ரெண்டு பக்கமும் காசு வாங்கிட்டாங்க.’ கண் முன்னால் எண்ணிக்கை சரிந்தது. அவன் தொடர்ந்து நீந்தினான். கோயில் வாசல்வரை போய் நேரலையை முடித்தபோது சில நூறு பேர்தான் மிச்சம்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வீசினான்.

“மானம் போச்சுங்க மேடம்! பத்தாயிரம் பேர் முன்னாடி தெரியலைன்னு சொல்ல வெச்சுட்டீங்க.”

“நான் சொல்லச் சொல்லலையே சார்.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் போகவில்லை. அந்த வாரமே போகவில்லை. ‘தெரியலைங்க’ என்று அவன் முகத்தோடு கேலிப் படங்கள் சுற்றின. ‘கட்டைவிரல்’ சேனலை விட்டுப் பல ஆயிரம் பேர் விலகினார்கள். சுகிர்தா எதற்கும் பதில் எழுதவில்லை. குணாளன் வீட்டில் உட்கார்ந்து மூழ்கூரை முடித்தான். யாருக்காகவும் இல்லை. பாதியில் விட மனம் வரவில்லை. அந்தக் கோயிலுக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்தாக வேண்டும்போல் இருந்தது.

முடித்த சில நாளில் தமயந்தி ஒரு வீடியோ போட்டாள். கேமரா முன் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“எங்க ஆர்ட்டிஸ்ட் நேத்துதான் என்கிட்ட ஒத்துக்கிட்டார். கடைசி மாசம் கை ஓஞ்சு போச்சுன்னு சில படங்களை ஏஐ-ல போட்டுக் கொடுத்திருக்கார். படித்துறைப் படமும் அதுல ஒண்ணு. எனக்குத் தெரியாது. தெரியாமயே சத்தியம் பண்ணிட்டேன். கேமை விற்பனையிலிருந்து எடுத்துட்டோம். நாங்களே வரைஞ்சு மறுபடி கொண்டு வர்றோம். மன்னிச்சுக்குங்க.”

ஊர் கொண்டாடியது. ‘நாங்க அப்பவே சொன்னோம்’ என்று ஒவ்வொரு சேனலும் மார்தட்டியது. குணாளனின் கேலிப் படம் மறுபடியும் ஒரு சுற்று வந்தது.

அவன் நேராகப் பீளமேட்டுக்குப் போனான். சுகிர்தா கன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்துப் போட்டு, பட்டனுக்கு அடியில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

“பார்த்தீங்களா மேடம்?”

“பார்த்தேன். உட்காருங்க சார்.”

அவன் உட்காரவில்லை.

“அந்தப் பொண்ணு பொய் சொல்லலை. அது எனக்குப் புரியுது. ஆனா ஊர் சொன்னதுதானே கடைசில சரியாப் போச்சு?”

“ஆமாங்க. சரியாப் போச்சு.”

“அப்ப நாம மட்டும்தான் முட்டாளா?”

அவள் பட்டனை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஊதினாள்.

“ஆமாங்கற வார்த்தை எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சுங்க மேடம். உங்க நிபந்தனைக்காக முழுங்குனேன்.” அவன் மேசையருகே வந்தான். “அன்னைக்கு நான் ஆமான்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு அது உண்மையாத்தானே இருந்திருக்கும்?”

“இருந்திருக்கும்.”

“அப்புறம் என்னங்க?”

சுகிர்தா முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க பொய் சொல்லியிருப்பீங்க.”

குணாளன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.