ஆமையக்கா வெளியே நீட்டிய தலை

ஒரு காட்டில் வெள்ளிக்கிழமை வந்தாலே எல்லோரும் ஒளிந்துகொள்ள இடம் தேடுவார்கள். அன்றுதான் வடிவியல் வகுப்பு.

குழந்தைகளே, நான் வட்டம் வரைந்தால் அது உருளைக்கிழங்காக முடியும். நேர்கோடு போட்டால் அது வழியில் டீ குடித்துவிட்டு வந்ததுபோல வளைந்து வரும். அதனால் இந்தக் கதையில் வருகிற யாரையும் நான் கேலி செய்யப் போவதில்லை. கொஞ்சமாகத்தான் செய்வேன்.

அந்தப் பள்ளியின் கணக்கு வாத்தியார் ஒரு கொக்கு. ஒரு காலை மணலில் ஊன்றி, மறு காலை நீட்டி, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினால் அச்சாக ஒரு வட்டம் விழும். கவராயம் தேடி அலைய வேண்டாமே என்று காடு அவரை வாத்தியாராக வைத்துக்கொண்டது. அங்கே படிக்க வயது வரம்பும் கிடையாது. முட்டையிட்டுக் குடும்பம் நடத்துகிறவர்களும் வந்து உட்காரலாம்.

வாரத்துக்கு ஒரு கணக்கு. திங்கட்கிழமை வாத்தியார் கொடுப்பார். வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் முன்னால் வந்து, மணலில் படம் போட்டு, விடை எப்படி வந்தது என்று விளக்க வேண்டும். விளக்கி முடித்ததும் வாத்தியார், "புரிஞ்சுதா?" என்று கேட்பார். எல்லாத் தலைகளும் ஆட வேண்டும். ஒரு தலை ஆடாவிட்டாலும் மரங்கொத்தி மணி அடிக்காது. மணி அடிக்காவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

நல்ல வழக்கம்தான். ஆனால் பசி நேரத்தில், சுற்றிலும் எல்லாத் தலைகளும் ஆடிக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு தலை மட்டும் ஆடாமல் நின்றால் அதை வகுப்பு எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் அந்தப் பள்ளியில் எந்த வெள்ளிக்கிழமையும் எந்தத் தலையும் ஆடாமல் இருந்ததில்லை. மணி நேரத்துக்கு அடித்தது. வாத்தியாருக்கும் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் கோடை கடுமையாக வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கே குடியிருந்தவர்கள் மூன்று பேர்: ஓணான், முள்ளம்பன்றி, ஆமை. ஓணானும் முள்ளம்பன்றியும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆமையின் பாறை மட்டும் தள்ளி, வெகுதூரத்தில் இருந்தது.

யானை இரக்கப்பட்டு, தினமும் காலையில் தும்பிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு குழியில் ஊற்றுவதாகச் சொன்னது. குழி யார் வீட்டு வாசலில் என்று உடனே சண்டை மூண்டது. யானைக்குச் சண்டை பிடிக்காது.

"குழி ஒண்ணுதான். மூணு வீட்டுலேருந்தும் ஒரே தூரத்துல இருக்கணும். இடத்தை நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாத்தணும்னா மூணு பேரும் சேர்ந்து வரணும். ஒருத்தர் மட்டும் வந்து மூக்கால அழுதா, நான் ஆத்துலயே படுத்துக்குவேன்" என்றது.

கொக்கு வாத்தியாருக்கு ஒரே குஷி. அதையே அந்த வாரக் கணக்காகக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விளக்க வந்தது நரி. நரிக்கு விடை கண்டுபிடிப்பதைவிட விளக்குவதில்தான் ஆசை அதிகம். அதன் விளக்கத்தில் 'ஆகவே' வரும், 'எனவே' வரும், 'இதிலிருந்து தெளிவாகிறது' வரும். அவை வரும் வேகத்தில் கேட்பவர்களுக்கு எதையும் கேட்கத் தோன்றாது.

நரி மணலில் அழகான முக்கோணம் ஒன்று போட்டது. மூன்று பக்கமும் ஒரே நீளம். முக்கோணம் என்றால் கை தானாக அப்படித்தானே போடுகிறது? ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தது. மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சேர்ந்தன.

"எனவே, இதுவே அந்த இடம்" என்று முடித்தது.

வாத்தியார் அந்தப் புள்ளியில் காலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினார். வட்டம் மூன்று மூலைகளையும் தொட்டது. பலே என்று இறக்கையைத் தட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

ஆமையக்காவுக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் இருந்தது. படத்தில் மூன்று வீடுகளும் சம இடைவெளியில் இருக்கின்றனவே, நம் வீடு அப்படி இல்லையே என்று நினைத்தது. பிறகு, நமக்குத்தான் கணக்கு வராது, படம் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று அதுவே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டது. அப்போது அதன் தலை ஓட்டுக்குள் இருந்தது. மற்ற எல்லாத் தலைகளும் ஆடின. மரங்கொத்தி மணியின்மேல் மூக்கை வைத்துக்கொண்டு ஆமையையே முறைத்தது.

ஆமை மெல்ல மெல்லக் கழுத்தை நீட்டி, தலையை வெளியே கொண்டுவந்து, ஆட்டியது. மணி அடித்தது.

நரி காட்டுக்குள் ஒரு நீளமான செடிக்கொடியைக் கயிறாகப் பிடித்து, மணலில் செய்தபடியே கோடு இழுத்து, ஓர் இடத்தைக் காட்டியது. யானை அங்கே குழி வெட்டியது. இரண்டு வீடுகள் ஒரே பக்கம் இருந்ததால் குழியும் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஓணானுக்கும் முள்ளம்பன்றிக்கும் அது கிட்டே. ஆமைக்கு எட்ட.

ஆமைக்கு வீடு முதுகிலேயே இருக்கிறதே, குழி ஓரத்திலேயே படுத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பாறையடி மணலில் அதன் முட்டைகள் இருந்தன. பகலில் மைனாக்கள் காவல் இருக்கும். இருட்டினால் மரநாய் வரும், அப்போது ஆமைதான் முட்டைகளின்மேல் படுத்துக் காக்க வேண்டும். ஆகவே விடிந்த பிறகுதான் கிளம்ப முடியும். (நரியிடமிருந்து எனக்கும் 'ஆகவே' தொற்றிக்கொண்டது, மன்னியுங்கள்.)

விடிந்ததும் கிளம்பி ஆமை நடக்கும். உச்சி வெயிலில் குழி வற்றிவிடும். அதற்குச் சற்றுப் பிறகு ஆமை போய்ச் சேரும். ஈரச் சேற்றை நக்கிவிட்டு, வந்த வழியே திரும்பும். ஒவ்வொரு நாளும் இதே கதை. நாக்கு வறண்டது, கண் இருண்டது. இப்படியே போனால் முட்டைகளை மரநாய்க்கு விட்டுவிட்டு மலை தாண்டி ஆற்றுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓணானிடமும் முள்ளம்பன்றியிடமும் சொல்லிப் பார்த்தது. இரண்டும் மரியாதையாகவே பேசின. நீங்களும்தானே தலையாட்டினீர்கள் என்றன.

திரும்பி நடக்கும்போது ஆமைக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட உடம்பில் தண்ணீர் போதாது என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது.

"மத்தவங்களுக்குத் தலை வெளியிலேயே கிடக்கு, தானா ஆடிருச்சு. எனக்கு உள்ளே பத்திரமா இருந்துச்சே. அதை வேலை மெனக்கெட்டு வெளியே எடுத்துல்ல ஆட்டினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நரி புதுக் கணக்கோடு முன்னால் வந்து நின்றது. ஆமை பின்வரிசையிலிருந்து பேசியது.

"வாத்தியாரே, போன வாரக் கணக்கு எனக்குப் புரியலை. புரிஞ்ச மாதிரி ஆட்டின தலை இதுதான். எல்லாரும் நல்லா பார்த்துக்கோங்க."

வகுப்பு சிரித்தது. ஆமையும் சேர்ந்து சிரித்தது. அது சிரித்ததும் மற்றவர்களின் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. கேலி செய்யப்படுகிறவரே கூடச் சேர்ந்து சிரித்தால் கேலியில் சுவை இருப்பதில்லை.

நரி அலுத்துக்கொண்டே பழைய படத்தை மறுபடி போட்டது. ஆமை ஒவ்வொரு கோட்டுக்கும் ஏன் என்று கேட்டது.

"இந்தக் கோடு ஏன் தம்பி எதிர்ப்பக்கத்து நடுவுக்குப் போகணும்?"

"அப்பத்தானே அக்கா எல்லாம் நடுவுல சேரும்."

"சேரட்டும். நடுவுல சேர்ந்தா மூணு வீட்டுக்கும் தூரம் ஏன் சமமாகணும்?"

நரி வாயைத் திறந்தது. 'எனவே' வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தது, 'ஆகவே' வந்தது, அதுவும் தனியாகத்தான் வந்தது. நரியின் வால் கீழே இறங்கியது.

"அக்கா, எனக்கே புரியலைங்கிறது எனக்கே இப்பத்தான் புரியுது" என்றது.

அவ்வளவுதான், வகுப்பே அவிழ்ந்துவிட்டது. முள்ளம்பன்றி தனக்கும் அன்றே புரியவில்லை என்றது. கேள்வி கேட்டால் முட்டாள் என்பார்கள், தலையாட்டினால் வீட்டுக்கு விடுவார்கள், எனக்கு எது லாபம் என்று யோசித்து ஆட்டிவிட்டதாம்.

"எனக்குப் புரிஞ்சாலும் தலை ஆடும், புரியலைன்னாலும் ஆடும். தூக்கத்துலயும் ஆடும். என்னை எதுக்குய்யா கணக்குல சேத்தீங்க?" என்று ஓணான் சொன்னது. சொல்லும்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கொக்கு வாத்தியார் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, "நான் படத்தை அளந்தேன். காட்டை அளக்கலை. இத்தனை நீளக் காலை வச்சுக்கிட்டு நாலடி நடந்து பார்க்கத் தோணலை" என்றார்.

மணி அடிக்க வழியில்லை என்று தெரிந்ததும் மரங்கொத்தியும் இறங்கி வந்து உட்கார்ந்தது.

இந்த முறை மூன்று கூழாங்கற்களை, வீடுகள் இருக்கிறபடியே வைத்தார்கள். இரண்டு கிட்டே, ஒன்று தள்ளி. நரி பழைய வழியில் புள்ளி கண்டுபிடித்தது. வாத்தியார் சுற்றிய வட்டம் முள்ளம்பன்றியின் கல்லைத் தொட்டது, மற்ற இரண்டையும் எட்டவேயில்லை.

நரி மண்டையைச் சொறிந்தது. மூன்று பேரையும் ஒரேயடியாகப் பார்ப்பதால்தான் குழப்பம், முதலில் இரண்டு பேரை மட்டும் பார்ப்போம் என்றது. ஆமைக்கும் ஓணானுக்கும் நடுவில் ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு பக்கமும் சாயாமல் செங்குத்தாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் ஆமையும் ஓணானும் ஒரே தூரம். ஏன் என்று ஆமை கேட்டது. நரி கோட்டின் மேலேயே நடந்து, நின்ற இடத்திலெல்லாம் கொடியை இரண்டு பக்கமும் நீட்டிக் காட்டியது. அதேபோல ஓணானுக்கும் முள்ளம்பன்றிக்கும் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடத்தில் நின்றால், ஆமைக்கும் ஓணானுக்கும் சமம், ஓணானுக்கும் முள்ளம்பன்றிக்கும் சமம். அப்படியென்றால் மூவருக்கும் சமம். இத்தனையையும் நரி ஒரு 'ஆகவே' கூட இல்லாமல் சொன்னது.

புள்ளி விழுந்த இடத்தைப் பார்த்து நரியே பயந்துவிட்டது. அது முக்கோணத்துக்கு வெளியே இருந்தது. நடுவில் இருக்க வேண்டியது வெளியே எப்படிப் போகும் என்று எல்லோரும் முழித்தார்கள். வாத்தியார் அங்கே காலை ஊன்றிச் சுற்றினார். வட்டம் மூன்று கற்களையும் தொட்டது. பிறகு அவர் காட்டுக்குள்ளும் நடந்தார், எல்லோரும் பின்னால் போனார்கள். அந்த இடத்திலிருந்து ஒரே கொடி மூன்று வாசல்களையும் சரியாக எட்டியது.

குழி இப்போது முள்ளம்பன்றிக்கு முன்பைவிடத் தூரம். ஓணானுக்கும் தூரம்தான். இரண்டும் சம்மதிக்காவிட்டால் யானை மண் வெட்டாது. ஆமை அவர்கள் பக்கம் திரும்பியது.

"புரியலைன்னா ஆட்டாதீங்க. மறுபடி முதல்லேருந்து பார்ப்போம்" என்றது.

முள்ளம்பன்றி கொடியைப் பிடித்து தானே ஒருமுறை அளந்தது. முட்கள் சிலிர்த்து, மெல்லப் படிந்தன.

"புரியாமலே இருந்திருந்தா வசதியா இருந்திருக்கும்" என்று பெருமூச்சு விட்டுத் தலையாட்டியது.

ஓணான் இந்த முறை தன் தலையை இரண்டு முன்கால்களாலும் பிடித்து நிறுத்தியது. கொடியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தது. பிறகு பிடியை விட்டு ஆட்டியது. மூவரும் சேர்ந்து யானையிடம் போனார்கள்.

மறுநாளும் ஆமை விடிந்த பிறகுதான் கிளம்பியது. தூரம் சமமாகிவிட்டதே தவிர கால் சமமாகவில்லை. மற்ற இருவரும் குடித்துவிட்டுப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் அது குழியை எட்டியது. அடியில் தண்ணீர் கிடந்தது. ஆமை கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. குடித்து முடித்ததும் அதற்குக் கொஞ்சம் அழ முடிந்தது. இருட்டுவதற்குள் முட்டைகளிடம் திரும்பிவிட்டது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நரி புதுக் கணக்கை விளக்கி முடித்தது. வாத்தியார், "புரிஞ்சுதா?" என்று கேட்டார். யாரும் தலையை ஆட்டவில்லை. ஓணான்கூட முன்கால்களால் தலையைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஆமையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுக்குள் போன தலை வெளியே வரவில்லை.

நரி மணலில் போட்ட படத்தை வாலால் அழித்துவிட்டு, முதல் கோட்டிலிருந்து மறுபடி தொடங்கியது.

நீதி: புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினால், பிறகு கால்தான் நடந்து நடந்து தேயும்.